கூச்ச மீனும் நின்றுபோன லிஃப்டும்

தேநீரில் சர்க்கரை போதுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு மாடி படியேறி வந்திருக்கிறீர்கள். வேண்டுமானால் இன்னும் ஒரு கரண்டி போட்டுத் தருகிறேன். கலக்கும்போது மட்டும் கரண்டி கோப்பையில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், மேடம். தவறாக நினைக்க வேண்டாம். இந்த வீட்டில் அப்படி ஒரு பழக்கம் ஆகிவிட்டது.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் நீங்கள், என்னை விசாரிக்க என் வீட்டுக்கே வந்தது உங்கள் பெருந்தன்மை. கீழே சங்க அறையில் வைத்துக் கேட்டிருந்தால் வேடிக்கை பார்க்க நாலு பேர் கூடியிருப்பார்கள். நாற்காலியை இப்படிப் போட்டது என் மனைவி. நான் எப்போதும் மீன் தொட்டியைப் பார்த்துத்தான் உட்காருவேன். இன்றைக்கு அதற்கு முதுகைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டாள். "அவங்க முகத்தப் பாத்துப் பேசுங்க, மீன் முகத்தப் பாத்துப் பேச வேணாம்" என்றாள். குற்றம் செய்தவனுக்கு நாற்காலியைத் திருப்பிப் போடும் உரிமை கிடையாது. உட்கார்ந்துவிட்டேன்.

சமையலறை வாசலில் நிற்கிறாள் பாருங்கள், அவள்தான். பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவன் அவள் தம்பி, என் மைத்துனன். உங்களுக்குத் தெரிந்தவன்தான். நம் கட்டடத்து லிஃப்டைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் அவன். அந்த லிஃப்ட் போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உள்ளே ஆட்களோடு ஏன் நின்றது என்று கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் லிஃப்டிலிருந்து ஆரம்பித்தால் என் மேல் தப்பு இருப்பதுபோல் தோன்றும். மீனிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் காது ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். கேட்கும் திறனைச் சோதிப்பது என் தொழில். சத்தம் புகாத சின்ன அறை ஒன்று இருக்கும். அதன் உள்ளே நோயாளி ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். மெல்லிய ஒலி ஒன்றை அனுப்புவேன். கேட்டால் அவர் பொத்தானை அமுக்க வேண்டும். கேட்காமலே அமுக்குபவர்கள் உண்டு. அதைக் கண்டுபிடிக்கக் கண்ணாடியை ஒட்டி நின்று, இமைக்காமல், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். "நீங்க பாக்கிற பார்வையில கேக்கிறதும் கேக்காமப் போகுது" என்று ஒரு பாட்டு டீச்சர் சொல்லியிருக்கிறார். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். இந்த உலகத்தில் நடக்கும் கெடுதலில் முக்கால்வாசி சத்தத்தால் வருகிறது, மீதி காது கேட்காததால் வருகிறது. இது என் இத்தனை வருட அனுபவம்.

இப்படி நாள் முழுக்கக் காதோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு வீட்டுக்கு வந்தால் சத்தமில்லாத ஒன்றைப் பார்க்க ஆசை வருமா வராதா. அதனால்தான் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்தேன். மீன்கடையில் எத்தனையோ இருந்தன. என் கண்ணில் பட்டது கோபி மீன் ஒன்றுதான். விரல் நீளம். மஞ்சள் உடம்பு, அதில் நீலப் பொட்டுகள். யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள் என்பதுபோல் எப்போதும் கீழே வளைந்த வாய். அது தனியாக வாழாது. கூட ஒரு வேட்டு இறால் வேண்டும். கொடுக்கைச் சொடுக்கினால் வெடிபோல் 'டப்' என்று கேட்கும், அதனால் அந்தப் பெயர். அந்த இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. பாவம், பொழுதெல்லாம் மணலைத் தோண்டி வீடு கட்டிக்கொண்டே இருக்கும். மீனுக்குத் தோண்டத் தெரியாது, ஆனால் கண் நல்ல கண். அது வாசலில் நின்று காவல் காக்கும். இறால் தன் மீசை ஒன்றை எப்போதும் மீன் மேல் வைத்திருக்கும். ஆபத்து என்றால் மீன் வாலை ஒரு ஆட்டு ஆட்டும். இரண்டும் உள்ளே போய்விடும். கண் ஒருத்தர், கை ஒருத்தர். இதைவிட நல்ல குடும்பத்தை நான் பார்த்ததில்லை. என் குடும்பத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கடைக்காரர் விவரமாகத்தான் சொல்லி அனுப்பினார். "சார், இது ரொம்பக் கூச்ச சுபாவம். பயந்தா வெளிய குதிச்சிடும், மேல வலை மூடி போட்டு வைங்க. கொஞ்ச நாளைக்குத் தொட்டி கிட்டப் போகாதீங்க. தள்ளி இருந்து பாருங்க. தானா வரும்."

நான் அதை அப்படியே கடைப்பிடித்தேன். தொட்டி கிட்ட யாரும் போகக்கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். நானும் போகவில்லை. போவதும் வருவதும்தானே தொந்தரவு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஒரு முக்காலியைப் போட்டு, மூக்கு கண்ணாடியில் படும்படி உட்கார்ந்தேனென்றால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். இமைக்காமல் இருக்க எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மீன் வரவில்லை. மணலில் ஒரு துளை தெரியும். சில சமயம் அந்த இருட்டில் வளைந்த வாய் மட்டும் தெரியும். என்னைப் பார்க்கும். பார்த்ததும் உள்ளே போய்விடும். என்னைப் பார்த்தது என்றால் அடையாளம் கண்டுகொண்டது என்று அர்த்தம். வீட்டுக்காரர்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்த பிறகும் உள்ளே ஓடுகிறது என்றால், எனக்குப் பின்னால் எங்கிருந்தோ சத்தம் வருகிறது. காது விஷயத்தில் என்னை ஏமாற்ற முடியாது.

சந்தேகம் மைத்துனன் மேல் விழுந்தது. நல்ல பிள்ளை, மறுக்கவில்லை. இங்கே வேலை கிடைத்ததிலிருந்து எங்களோடுதான் இருக்கிறான். ஆனால் அவன் நடப்பது குதிகாலால். அவன் உள்ளே வந்தால் அலமாரியில் இருக்கும் டம்ளர்களுக்கு நம்மைவிட முன்னால் தெரியும். தும்மினால் மூன்று தும்மல். முதலாவதற்குத் திடுக்கிடுவோம், இரண்டாவதற்குத் தயாராவோம், மூன்றாவது நாம் மறந்த பிறகு வரும். அவனுக்கு அது தெரியவே தெரியாது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

நான் கோபப்படவில்லை. எல்லோருக்கும் கம்பளிக் காலுறை வாங்கிக் கொடுத்தேன். நாற்காலிக் கால்களில் பஞ்சு கட்டினேன். வாசல் மணியின் கம்பியைக் கழற்றிவிட்டேன். நீங்கள்கூட இன்றைக்கு விரலால் தட்டித்தான் கூப்பிட வேண்டியிருந்தது. குக்கருக்கு விசில் போடாதே என்று மனைவியிடம் சொன்னேன்.

"விசில் இல்லாம வெந்துச்சான்னு எப்படிங்க தெரியும்?"

"தின்னு பாத்தாத் தெரியும்" என்றேன். அதன் பிறகு சில நாள் வேகாததைத் தின்றோம், சில நாள் குழைந்ததைத் தின்றோம். நான் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை, அவளையே கேளுங்கள். மிக்சியை மாடிப்படித் திருப்பத்துக்கு எடுத்துக்கொண்டு போய் அங்கே வைத்து அரைத்தாள். ஐந்தாவது மாடிக்காரர்கள் உங்களிடம் புகார் கொடுத்தார்களே, அது இதனால்தான்.

மைத்துனனுக்காக நடையில் அவனுடைய மெத்தையையே விரித்துப் போட்டேன். ராத்திரி எடுத்துக்கொண்டு போய்ப் படுப்பான், காலையில் மறுபடி விரித்துவிட்டு வேலைக்குப் போவான். "நெலாவுல நடக்கிற மாதிரி இருக்கு அத்தான்" என்று சிரிப்பான். தும்மல் வந்தால் ஓடிப்போய் லிஃப்டுக்குள் நின்று தும்மிவிட்டு வர வேண்டும் என்று ஏற்பாடு. அதையும் செய்தான். மெத்தை மேல் ஓடி இரண்டு தடவை விழுந்திருக்கிறான். மூக்கைப் பிடித்துக்கொண்டே விழுந்தான், அந்த மட்டில் எனக்குத் திருப்தி.

இவ்வளவு செய்தும் மீன் எனக்கு முகம் காட்டவில்லை. எனக்கு என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மற்றவர்களுக்குக் காட்டியதாக அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"இப்பத்தான் உள்ள போச்சு அத்தான். நீங்க வந்து செருப்பக் கழட்டுற வரைக்கும் ரெண்டும் வெளியதான் இருந்துச்சு. அந்த இறால் மண்ணத் தள்ளுறதும், இவரு மொதலாளி மாதிரி நின்னு பாக்கிறதும், ஒரே கூத்து" என்பான் மைத்துனன்.

"காலையில நான் காய் நறுக்கிட்டு இருந்தேன். அப்படியே வந்து நின்னு நறுக்கிறதையே பாத்துட்டு இருந்துச்சுங்க. பாட்டு வேற போட்டிருந்தேன்" என்பாள் மனைவி.

கேட்காத ஒலியைக் கேட்டதாகச் சொல்பவர்களை நான் தினம் பார்க்கிறேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. எதிரே இருப்பவன் மனம் நோகக்கூடாது என்று பொத்தானை அமுக்குகிறார்கள். என் வீட்டிலும் அதுதான் நடக்கிறது என்று விட்டுவிட்டேன். ஒருநாள் மைத்துனன் போனில் படமே எடுத்துக் காட்டினான். மீன் முழு உடம்போடு வெளியே நிற்கிறது, பக்கத்தில் இறால். அழகான படம். இந்தக் காலத்தில் போனில் எதைத்தான் செய்ய முடியாது. நன்றாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் வயிறு எரிந்தது, மேடம். உண்மையைச் சொல்ல வந்த இடத்தில் அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த நேரத்தில் மைத்துனனுக்கு ஒரு பெண்ணைப் பிடித்துப்போனது. பேக்கரியில் கேக் மேல் கிரீமால் பூப் போடுகிறவள். அங்கே லிஃப்ட் பழுது பார்க்கப் போன இடத்தில் பழக்கம். அவள் வீட்டார் மாப்பிள்ளை இருக்கும் வீட்டைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவதாகச் சொன்னார்கள். எனக்கும் சந்தோஷம்தான். கல்யாணம் ஆனால் தனிக்குடித்தனம் போவான், குதிகாலும் கூடவே போகும். பெண்ணின் அப்பா என்ன செய்கிறார் என்று ஒரு மரியாதைக்குத்தான் கேட்டேன்.

"மீன் சந்தையில ஏலம் சொல்றாரு அத்தான். அந்தச் சந்தையிலயே இவர் கொரல்தான் பெரிசாம். மைக்கே வேணாமாம்" என்று பெருமையாகச் சொன்னான்.

நீங்களே நியாயத்தைச் சொல்லுங்கள். ஆட்டுக் கொட்டகைக்குள் கசாப்புக்காரரை விருந்துக்குக் கூப்பிடுவோமா. பரம்பரையாக மீனை விலை கூறி விற்ற குரல், அதுவும் மைக் வேண்டாத குரல், கூச்ச சுபாவமுள்ள ஒரு மீனுக்கு நாலு அடி தள்ளி உட்கார்ந்து சாப்பிடப் போகிறது. நான் ஹோட்டலுக்குப் போகலாம் என்றேன். "வீட்டப் பாக்க வர்றவங்களுக்கு ஹோட்டல்ல என்னத்தக் காட்டுறது" என்றாள் மனைவி. சரி, வருகிறவர்களுக்காவது காலுறை கொடுக்கலாம் என்று ஒரு பை நிறைய வாங்கி வைத்தேன். பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பேச்சு அதோடு முடிந்தது. பை எங்கே இருக்கிறதென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது சாவி விஷயம். மொட்டைமாடியில் லிஃப்டின் மோட்டார் அறை இருக்கிறதல்லவா, அதன் சாவி ஒன்றை மைத்துனன் என்னிடம் கொடுத்து வைத்திருந்தான். "நான் வெளிய இருக்கும்போது கரன்ட் கோளாறுல யாராவது மாட்டிக்கிட்டா, இந்த ஸ்விட்ச எறக்கி ஏத்துங்க அத்தான், சரியாயிடும். உங்கள விட்டா இந்தக் கட்டடத்துல பொறுப்பான ஆள் யாரு" என்றான். அவன் நம்பிக்கை வீண்போகவில்லை. ஸ்விட்ச் எங்கே இருக்கிறதென்று எனக்கு நன்றாக நினைவிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவியும் மைத்துனனும் விருந்தாளிகளை அழைத்து வரக் கீழே போனார்கள். நான் மொட்டைமாடிக்குப் போனேன். அவர்கள் இன்னும் கேட்டுக்கு வெளியேதான் நிற்பார்கள், லிஃப்ட் ஓடவில்லை என்றால் பெண்ணின் அப்பா தன் உடம்பைத் தூக்கிக்கொண்டு ஆறு மாடி ஏற மாட்டார், ஹோட்டலுக்கே போய்விடுவார்கள். இவ்வளவுதான் நான் நினைத்தது. ஸ்விட்சை இறக்கினேன். லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் நின்றது. உள்ளே ஏலக்காரர், அவர் மனைவி, பெண், அவளுடைய சித்தப்பாவும் சித்தியும், என் மனைவி, என் மைத்துனன்.

உள்ளே விளக்கும் மின்விசிறியும் பேட்டரியில் ஓடும். மூச்சுக்குக் குறைவில்லை, போனுக்குத்தான் சிக்னல் கிடைக்காது. அதையெல்லாம் யோசிக்காமல் செய்கிறவன் இல்லை நான்.

நான் எதிர்பார்க்காதது அபாய மணி. அதுவும் பேட்டரியில் ஓடுவதாம். அது இருப்பது இந்த மாடியில், லிஃப்ட் கதவுக்கு மேலே, என் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே. யாரோ உள்ளிருந்து பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தார்கள். மேடம், அந்த மணிக்கு ஓர் அளவு வேண்டாமா. பத்துப் பேர் தும்மினாலும் அவ்வளவு வராது. எனக்கு மீனின் நினைப்புத்தான் வந்தது. முக்காலியைப் போட்டு ஏறி, சட்டைப்பையில் இருந்த பஞ்சை எடுத்து மணிக்குள் நன்றாக அடைத்தேன். காதடைக்கும் பஞ்சு எப்போதும் என் பையில் இருக்கும். மணி நின்றது. பொத்தான் அங்கே அமுங்கிக்கொண்டுதான் இருந்திருக்கும். அது என் காதில் விழவில்லை.

பிறகு வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினேன். அப்படி ஓர் அமைதி இந்த வீட்டில் அதற்கு முன் இருந்ததில்லை. ஊசி விழுந்தால் கேட்கும். மனைவி இல்லை, மைத்துனன் இல்லை, மிக்சி இல்லை, விருந்தாளி இல்லை. தொட்டிக்கு முன்னால் முக்காலியைப் போட்டேன். மூக்கைக் கண்ணாடியில் வைத்தேன். இத்தனை நாளும் காத்திருந்தது இதற்குத்தான் என்று மனம் நிறைந்திருந்தது.

வளைந்த வாய் துளைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. என்னைப் பார்த்தது. உள்ளே போய்விட்டது.

லிஃப்டில் இருந்தவர்கள் காலை உதைக்கிறார்கள், அது சுவர் வழியாக வந்து தண்ணீரில் தெரிகிறது என்று உடனே புரிந்துகொண்டேன். களைத்துப்போனால் உதைப்பதை நிறுத்துவார்கள். எனவே இன்னும் கொஞ்சம் பொறுத்தேன். அந்த இன்னும் கொஞ்சம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது என்று பிறகு சொன்னார்கள்.

கடைசியில் நம் காவலாளி வந்து கதவைத் தட்டினார். பின்பக்கம் தண்ணீர் மோட்டார் பக்கமாக இருந்தவர் ஏதோ காதில் விழுந்து வந்திருக்கிறார். "சார், லிஃப்டுக்குள்ள யாரோ மீன் ஏலம் போடுற மாதிரி சத்தம் கேக்குது சார்" என்றார். பாவம், அவருக்குப் பயம். நான் பதற்றப்படாமல் மேலே போய் ஸ்விட்சை ஏற்றினேன்.

கதவு திறந்ததும் ஏலக்காரர் வேர்க்க விறுவிறுக்க வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "நீங்க இல்லேன்னா எங்க கதி என்ன ஆயிருக்கும்" என்று என் காதருகில் சொன்னார். அந்தக் காது இன்னும் சரியாகவில்லை. நான் அவர் நன்றியை மறுக்கவில்லை. வந்த விருந்தாளியின் மனதை முதல் நாளே நோகடிக்கலாமா. அப்புறம் அவர் மைத்துனன் பக்கம் திரும்பினார்.

"லிஃப்ட் மெக்கானிக்னு சொன்னீங்களே தம்பி, எந்த லிஃப்டுக்கு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். உள்ளே இருந்த நேரம் முழுக்க, "இந்த லிஃப்ட் நிக்கவே நிக்காது, போன மாசம்தான் நானே எல்லாத்தையும் பாத்தேன்" என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தானாம்.

எல்லோரும் வீட்டுக்குள் வந்தார்கள். காலுறை இல்லை, ஒன்றும் இல்லை. திமுதிமுவென்று நடந்தார்கள். மெத்தையை என் மனைவி முன்னமே சுருட்டி வைத்துவிட்டாள். நான் சமையலறையில் எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது கூடத்தில் ஒரே கலகலப்பு. "அட, இங்க வந்து பாருங்க" என்கிறாள் பெண். "மஞ்ச ஒடம்பு, நீலப் பொட்டு, அந்த மூஞ்சியப் பாரு, நம்ம தம்பி மூஞ்சியேதான்" என்று ஏலக்காரர் சந்தைக் குரலில் சொல்கிறார். அந்தத் தம்பி, பெண்ணின் சித்தப்பா, கோபித்துக்கொள்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். தட்டைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்கு ஓடினேன். மணலும் துளையும்தான் இருந்தன.

"நீங்க வந்ததும் உள்ள போயிடுச்சுண்ணா" என்றாள் அந்தப் பெண். "இப்படி சோபா பக்கம் வந்து ஒக்காந்து பாருங்களேன். அங்க கிட்டப் போகாதீங்க, வந்துரும்."

நான் வந்ததும் என்றால், நான் கொண்டுவந்த டம்ளர்கள் இடித்துக்கொண்டதும் என்று பொருள். கேக்கில் பூப் போடுகிற பெண்ணுக்கு அந்த நுணுக்கம் தெரியவில்லை, விட்டுவிட்டேன். ஆனால் ஒரு குடும்பமே சேர்ந்து, வந்த முதல் நாளே, பார்க்காத மீனைப் பார்த்ததாகப் பொய் சொல்கிறது என்றால் அந்த வீட்டில் பெண் எடுப்பதா என்று அன்றைக்கு என் மனைவியிடம் கேட்டேன். அவள் சோற்றை மட்டும் வேகமாக வைத்தாள்.

ஏலக்காரர் கிளம்பும்போது, "மொதல்ல லிஃப்டச் சரி பண்ணட்டும், அப்புறம் கல்யாணத்தப் பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். படியிறங்கித்தான் போனார். மறுநாளிலிருந்து மைத்துனன் லிஃப்டைப் பிரித்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அதில் பழுது இருந்தால்தானே கிடைக்கும். ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றித் துடைத்துப் பார்த்தான். கையெல்லாம் கிரீஸோடு வருவான், தட்டில் கை வைக்காமல் எழுந்துவிடுவான். லிஃப்டை வேறு ஆளிடம் கொடுக்கப்போவதாக நீங்கள் சொல்லி அனுப்பியதும் அவனுக்குத் தெரியும். அந்தப் பெண் போன் செய்தால், "என்னால கண்டுபிடிக்க முடியல" என்பான். வேறு பேச்சில்லை. சிரிப்பதை நிறுத்தினான். குதிகாலால் நடப்பதும் நின்றுபோனது. தும்மக்கூட இல்லை.

வீடு நான் ஆசைப்பட்டபடியே ஆகிவிட்டது. அப்போதும் மீன் வரவில்லை. எனக்கு அது மிகுந்த மனவேதனையாக இருந்தது. மீன் வராததைச் சொல்கிறேன்.

நேற்று மணியையும் கழற்றிப் பார்த்திருக்கிறான். கையில் பஞ்சோடு வந்து என் முக்காலிக்குப் பக்கத்தில் நின்றான். "இது உங்க ஆஸ்பத்திரிப் பஞ்சுதானே அத்தான்?" என்றான். நான் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவனே, "மீனுக்குச் சத்தம் ஆகாதுன்னுதானே?" என்றான். சண்டைக்கு வந்திருந்தால் சமாளித்திருப்பேன். அவன் அப்படிக் கேட்டுவிட்டான். ஆமாம் என்று தலையாட்டினேன். அதைக் கேட்டுக்கொண்டு என் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். அதன் பிறகு இந்த வீட்டில் எழுந்த சத்தம் ஐந்தாவது மாடிக்குக் கேட்டிருக்கும். அவர்கள் புகார் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. அதனால் நான் சற்று முன் சொன்னதில் ஒரு திருத்தம். அவர்கள் கேட்டுக்கு வெளியே நிற்பதாக நினைத்தேன் என்றேனே, அது சரியில்லை. மோட்டார் அறையின் தரையில் லிஃப்டின் கயிறு போக ஓட்டை இருக்கிறது. அது வழியாகக் குரல் மேலே வரும். ஏலக்காரர் எதற்கோ சிரித்தார். லாரி ஹாரனுக்குக் கொஞ்சம் கீழே என்று அந்தச் சிரிப்பை அளந்தேன். பிறகு என் மனைவியின் குரல் கேட்டது. "எங்க வீட்டுக்காரர் ரொம்ப சாதுங்க. எறும்புக்குக்கூடக் கெடுதல் நெனைக்க மாட்டாரு" என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். லிஃப்ட் கிளம்பிவிட்டது, எல்லோரும் உள்ளே இருக்கிறார்கள், அவளும் இருக்கிறாள், அவனும் இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஸ்விட்சை இறக்கினேன். கை தானாகப் போனது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். லிஃப்டில் பழுது கிடையாது. அவன் வேலையில் குறை கிடையாது. இதை அந்த ஏலக்காரரிடமும் என் வாயால் சொல்லிவிடுகிறேன், போனைக் காதிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு.

என் மனைவி கேட்பது இன்னும் ஒன்று. கல்யாணம் நடந்தால் தொட்டியை மைத்துனன் தன் புது வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமாம். "அங்க போனாத்தான் அதுங்க நிம்மதியா இருக்கும், மேடம் என்ன சொல்றாங்களோ அதான்" என்று உங்கள் தலையில் கட்டியிருக்கிறாள். வேறு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியைக் கழுவுகிறேன். எல்லா மாடிக்கும் நானே படியேறிப் பால் பாக்கெட் போடுகிறேன். இதை மட்டும் செய்யாதீர்கள். நான் எனக்காகக் கேட்கவில்லை. குதிகாலும் தும்மலும் ஏலமும் உள்ள வீட்டில் அந்த ஜீவன்கள் எப்படிப் பிழைக்கும். அவற்றின் கூச்சத்தைப் புரிந்துகொண்டவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். எனக்கு வேண்டியதெல்லாம் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அது முழு உடம்போடு வெளியே வந்து நிற்பதைப் பார்ப்பது. அதற்காகத்தான் இவ்வளவும்.

நீங்கள் நான் பேச ஆரம்பித்ததிலிருந்து என் முகத்தைப் பார்க்கவில்லை, மேடம். குற்றவாளியின் கண்ணைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும், புரிகிறது. ஆனால் தேநீரையும் குடிக்காமல், வாயைப் பொத்திக்கொண்டு ஏன் சிரிக்கிறீர்கள் என்பதுதான் புரியவில்லை. மைத்துனனும் பல நாளைக்குப் பிறகு சிரிக்கிறான். என் மனைவி என்னைத் திரும்ப வேண்டாம் என்று கையைக் காட்டுகிறாள். நான் எதற்குத் திரும்ப வேண்டும். என் பின்னால் தொட்டி மட்டும்தான் இருக்கிறது. இத்தனை பேர் கூடி இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் அது எங்கே வெளியே வரப்போகிறது.